பத்து நிமிடம் போதும் என்ற விளையாட்டு

பத்து நிமிடம் கையில் கிடைத்தால் போதும், ஆடிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று அந்த சிடியின் அட்டையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். எழுதியவன் வாழ்நாளில் ஒருமுறையாவது சாளை மீன் கழுவியிருப்பானா, ஒரு கட்டு விடைத்தாள் திருத்தியிருப்பானா என்று தெரியாது. அவன் கண்டானா பத்து நிமிடத்தை! எனக்கு அன்றாடம் கிடைத்ததெல்லாம் பத்துப் பத்து நிமிடங்கள்தான். சோறு வேகிற பத்து நிமிடம், பஸ்ஸுக்கு நிற்கிற பத்து நிமிடம், கரண்ட் போன பிறகு யு.பி.எஸ். கத்திக் கத்தி உயிரை விடுகிற பத்து நிமிடம். அதையும் பிடுங்கிக்கொள்ள ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து விளையாட்டு செய்து அனுப்பியிருக்கிறான் என்றால் எரிச்சல் வருமா, வராதா?

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்கள் அவை. எங்கள் வீடு கடியப்பட்டணத்தில். நான் கருங்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். கணவர் வளைகுடாவில் ஓர் அரபிக்காரரின் விசைப்படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் மூன்றாம் வகுப்பு. வருகிற மே மாதம் அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் கரையில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே வருகிற பெரிய நாள் அதுதான். வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியும் கையில் மெழுகுதிரியுமாகப் பிள்ளை நடுவில் வர, இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும் பீடம் வரை கூடவே நடந்து போக வேண்டும். அதற்கு அவர் வருவாரா மாட்டாரா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் சிடி. அதே படகில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்த பக்கத்துத் தெருக்காரர் ஒரு பையைக் கொண்டுவந்து தந்தார். சோப்பு, தைலம், பால்பொடி, மகளுக்கு ஒரு பென்சில் டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில் இது. "ஒங்களுக்குன்னு தனியா குடுத்து விட்டாவ, பத்திரமா கொண்டு குடுக்கணும்னு சொன்னாவ," என்றார். ஏதோ நகை நட்டு கொண்டுவந்தது போல முகத்தில் ஒரு பெருமை. லீவு பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அவர் பால்பொடியைப் பார்த்துக்கொண்டே இல்லை என்றார்.

அங்கே வெள்ளிக்கிழமை ஓய்வு. அன்று சாயங்காலம் காலிங் கார்டு போட்டுக் கூப்பிடுவார். அந்தக் கார்டும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஒரு வாரம் முழுக்க மனதில் சேர்த்து வைத்த கேள்விகளோடு நான் போனை எடுத்தால், மனிதர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏட்டி, சிடி போட்டுப் பாத்தியா?"

"லீவு கேட்டியளா?"

"கேக்கணும். நீ அதப் போட்டுப் பாரு மக்கா. பத்து நிமிசம் கெடச்சா போரும். இங்க நாங்க எல்லாவனும் அதாக்கும் வெளாடுகோம்."

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் தங்கியிருந்த அறையில் ஏழெட்டுப் பேருக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. யாரோ விட்டுப்போன சரக்கு. அதோடு இந்த விளையாட்டும் இருந்திருக்கிறது. கடலுக்குப் போய் வந்து, குளித்து, சமைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் முறை வைத்து ஆடுகிறார்கள். விளையாட்டு முழுக்க ஆங்கிலம். அவர்களில் யாருக்கும் அந்த அளவு ஆங்கிலம் கிடையாது. என் வீட்டுக்காரருக்கோ ஆங்கிலம் தெரிந்த பெண்டாட்டி உண்டு என்கிற பெருமை வேறு. எனவே ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பிவிட்டார். நான் இங்கே ஆடிப் பார்த்து அங்கே அர்த்தம் சொல்ல வேண்டும். டீச்சர் வேலை, வீட்டு வேலை போதாதென்று கடல் தாண்டி டியூஷன்!

சரி, சனியனே என்று போட்டுப் பார்த்தேன். கட்டம் கட்டமாகப் படம். நான் கல்லூரியில் கால் வைப்பதற்கும் முந்தைய காலத்துக் கம்ப்யூட்டரில் வருவது போல வேண்டுமென்றே செய்திருந்தார்கள். கீ கீ என்று ஒரு இசை, காதில் ஈர்க்குச்சியை விட்டு ஆட்டுவது போல. பெரிய தலைக்கவசம் போட்ட ஒரு மடையன்தான் கதாநாயகன். ராஜாவின் ஒற்றைச் செருப்பு காணாமல் போய்விட்டது, அதைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் கண்டதையெல்லாம் எடுத்துக்கொள்கிறான். ஆளுயர ஏணியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். அதுதான் ஜோக்காம். பழைய காலத்து சாகச விளையாட்டுகளில் கதாநாயகர்கள் இப்படித்தான் எதையும் பைக்குள் போட்டுக்கொள்வார்களாம், அதைக் கிண்டல் செய்கிறார்களாம்.

அந்தப் பழைய விளையாட்டுகளை ஆடி வளர்ந்தவர்களுக்கு வேண்டுமானால் சிரிப்பு வரலாம். எங்களுக்கு எப்படி வரும்? நாங்கள் போகாத கல்யாணத்தில் நடந்த சண்டையை ஒருவன் நடித்துக் காட்டிவிட்டு, ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பது போல இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, கணவருக்குத் தம்பி முறையான ஒருவர் போனை வாங்கினார். அவரும் எங்கள் ஊர்தான், அதே படகுதான்.

"மயினி, ஒரு சந்தேகம். ஏணி எப்படி பாக்கெட்டுக்குள்ள போவும்?"

"அது கிண்டலாக்கும்."

"யாரக் கிண்டல் பண்ணுதான்?"

"பழைய வெளயாட்டுகள."

"அத நாம வெளாண்டிருக்கோமா?"

"இல்ல."

"பின்ன?"

பின்ன என்ன பின்ன! நானா செய்தேன் அதை? இப்படியே போயிற்று பேச்சு. திரையில் வருகிற ஆங்கிலத்தை அவர்கள் ஒவ்வொரு எழுத்தாகப் போனில் வாசிப்பார்கள். "எஸ்... டபிள்யூ... டி..." என்று ஒருவர் இழுக்க, பின்னாலிருந்து இன்னொருவர், "லேய், அது டி இல்ல, ஓ," என்று திருத்துவார். நான் அர்த்தம் சொல்வேன். சொன்னதும் அந்தப் பக்கம் அதை அவர்களுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு யாராவது, நன்றாயிருக்கிறது என்கிற அர்த்தத்தில், "கொள்ளாம்," என்று மரியாதைக்குச் சொல்வார்கள். கார்டு தீர்ந்துவிடும். லீவு பற்றிக் கேட்க வாயைத் திறக்கும்போது கீச்சென்று லைன் அறுந்திருக்கும்.

நியாயமாகச் சொல்வதானால், அட்டையில் இருந்தது முழுப் பொய்யில்லை. சின்ன இடைவேளைகளுக்கு அது பொருந்தத்தான் செய்தது. ஒரு நேரத்தில் ஓர் அறை, ஒரு தெரு, ஒரு கிணற்றடி, அவ்வளவுதான். அங்கே ஒரு புதிர், ஒரு அசட்டு ஜோக். நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை, விட்ட இடத்தை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். கதாநாயகன் சாகவும் மாட்டான், எத்தனை தப்பு செய்தாலும் எகத்தாளமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்பான். நாலு நாள் கழித்துத் திறந்தாலும், "வந்துட்டியா? நான் இங்கேயேதான் நின்னேன்," என்பான். முன்கதையை நினைவு வைத்துக்கொள்ளும் தொல்லையும் கிடையாது, ஏனென்றால் கதை என்று ஒன்று இருந்தால்தானே! மின்வாரியத்துக்காகவே அளந்து தைத்தது போல ஒரு விளையாட்டு.

ஆனால் அதில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. ஆடுவதுதான் பத்து நிமிடம். புதிர் விடுபடாமல் எழுந்து போனால் அது மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். தேங்காய் துருவும்போது அந்த ஆட்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று ஓடும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த இறகை எங்கே வைத்துப் பார்க்கலாம் என்று ஓடும். ஒருநாள் மீன்காரி சொன்ன விலைக்கே பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளே பயந்துபோய், "என்ன டீச்சர், மேலுக்கு முடியலியா?" என்று கேட்டாள். இந்தக் கணக்கையெல்லாம் அட்டையில் போட மாட்டார்கள், பாருங்கள்.

இதற்கு நடுவில் கோயிலில் புதுநன்மைப் பயிற்சி தொடங்கிவிட்டது. சிஸ்டர் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டுப் பழக்குவார். பெற்றோரும் வர வேண்டும். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு, அதாவது அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, தாய்மாமன் நிற்கலாம். கடலோரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் நிலைமை. என் அண்ணன் வந்து நின்றான். மகள் அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டே நடந்தாள்.

"அவிய வருவாவளா?" என்று சிஸ்டர் என்னிடம் கேட்டார்.

"கேட்டிருக்காவ சிஸ்டர். அரபி இன்னும் சொல்லல," என்றேன். அவர் கேட்டாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகளிடம், அப்பா வரணும்னு மாதாகிட்ட வேண்டிக்கோ என்றேன். அவள் யோசித்துவிட்டு, "மாமா நல்லாத்தான நடக்குதாவ. மாமா போரும்மா," என்றாள். வீம்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அவளுக்கு அது போதும். அப்பாவுக்கு ஒதுக்கி வைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லையே.

விளையாட்டு ஓரிடத்தில் வந்து முழுவதுமாக நின்றுவிட்டது அப்போதுதான். கதாநாயகன் ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு வருகிறான். மணிக்கூண்டு வைத்த சின்னக் கோயில் ஒன்று. மணலில் ஒரு படகு. பக்கத்தில் படகோட்டி குறட்டை விட்டுத் தூங்குகிறான். ஒரு பலகையில், இன்று ஞாயிற்றுக்கிழமை, என்று எழுதியிருக்கிறது. எதிரே தீவு. அங்கே போனால்தான் செருப்பு.

நாங்கள் செய்யாதது எது? படகோட்டியை இறகால் கிச்சுக்கிச்சு மூட்டினோம். பாலாடைக்கட்டியை மூக்கருகே வைத்தோம். ஏணியை எடுத்து மணிக்கூண்டில் சாய்த்து ஏறி மணி அடித்தோம். ஆட்டை விட்டு முட்டவைத்தோம். பலகையைக் கழற்ற முடியுமா, கிழமையை மாற்ற முடியுமா என்று பார்த்தோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கிருந்து ஒரு புது யோசனை வரும், இங்கிருந்து ஒன்று போகும். திங்கட்கிழமை வரும் வரை காத்திருந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். விளையாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கடலுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தார்களாம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்ததாம். என் வீட்டுக்காரர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மகளுடைய உடுப்புக்கு அளவெடுத்ததைச் சொன்னபோது அந்தக் குரல் வரவில்லை.

"லீவு?" என்றேன்.

"அரபிகிட்ட சொல்லியிருக்கு," என்றார். "ஏட்டி, அந்த மீன்வலைய எங்கயாவது கண்டியா? வலைய வச்சி என்னமாவது செய்யலாமான்னு இவனுவ கேக்கானுவ."

பள்ளியில் மதிய இடைவேளையில் லேபில் போட்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கு டீச்சர் டிபன் பாக்ஸோடு வந்தார். மண்டைக்காட்டுப் பக்கம், வயலும் தென்னையும் உள்ள குடும்பம், அம்மன் கொடைத் திருவிழா நாட்களில் லீவு போட்டுவிட்டுக் கோயிலே கதி என்று கிடப்பார். நான் தலையில் கைவைத்திருப்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, படகோட்டி எழும்ப மாட்டேன் என்கிறான், வாரக்கணக்காக இதில் கிடக்கிறோம் என்று சொன்னேன்.

"அவன் எதுக்கு எழும்பணும்? படகு சும்மாதான கெடக்கு," என்று சொல்லிக்கொண்டே மௌஸை வாங்கிப் படகைத் தொட்டார்.

கதாநாயகன் படகைத் தள்ளினான். ஏறினான். போய்விட்டான். போகிற போக்கில் எங்களைப் பார்த்து, "இது கஷ்டமா இருக்கும்னுல்ல நெனச்சேன்!" என்றும் சொன்னான்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் படகு இறக்குவதில்லை. இறக்கினால் ஊர்க்கமிட்டி கேட்கும், அதைவிடப் பெரிதாக அவனவன் மனசே கேட்கும். கோயில், மணி, மணலில் படகு, ஞாயிற்றுக்கிழமை. இத்தனையும் ஒரே படத்தில் கண்ட பிறகு அந்தப் படகைத் தொட எங்களில் ஒருவருக்கும் கை போகவில்லை. ஆட்டை விட்டு மனுஷனை முட்டவைக்கக் கை போயிற்று, கோயில் மணியில் ஏறி விளையாடக் கை போயிற்று, படகைத் தொட மட்டும் போகவில்லை. அதுவும் அங்கே இருக்கிற வீரர்கள், அரபிக்காரர் சொன்னால் ஞாயிறென்று பாராமல் நடுக்கடலில் கிடப்பவர்கள்! பிறகு இதைக் கேட்டபோது கணவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். "அது அரபிக்காரன் படகு, அவன் சொல்லுத நாளு போவணும். இது ஊருப் படகுல்லா?" பொம்மைப் படகுக்கும் ஊர்க்கட்டுப்பாடு வைத்த கூட்டம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

கணக்கு டீச்சர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்த சிரிப்பை நான் மன்னிக்க இன்னும் நாளாகும். ஆனால் விடை என் கையில் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை போன் வந்ததும் முந்திக்கொண்டேன்.

"வழி கண்டுபிடிச்சாச்சு. லீவு என்னாச்சுன்னு சொல்லுங்க, நானும் சொல்லுதேன்."

"அரபி இன்னும் ஒண்ணும் சொல்லலட்டி. நீ சொல்லு."

"சொன்னா நானும் சொல்லுவேன்."

பின்னால் ஒரே இரைச்சல். ஏலே அவளுக்குத் தெரியுமாம்லே என்று யாரோ கத்தினார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டது கணவர் இல்லை, அந்தத் தம்பி. குரலைத் தாழ்த்திப் பேசினார். "மயினி, எங்களுக்கு எதுக்கு இந்தத் தண்டன? அண்ணன் லீவு கேக்கவே இல்ல. அரபி அவராவே ஒவ்வொருத்தனா கூப்பிட்டுக் கேட்டாரு, மே மாசம் யாருக்கெல்லாம் போவணும்னு. அண்ணன்தான் வேண்டாம்னு சொன்னாவ. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம். இப்பம் வழியச் சொல்லுங்க மயினி."

ஒரு புதிருக்காகக் கூடப்பிறந்தவனைப் போன்றவனைக் காட்டிக்கொடுக்கிறான், இவனையெல்லாம் எதில் சேர்ப்பது! போனை அவரிடம் கொடு என்றேன். கொடுத்தார்.

நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. எங்கள் கரையில் பிறந்த எவளுக்கும் கோபம் வந்தால் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. எவ எவளோ அப்பன் வரமாட்டானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உமக்குக் கூப்பிட்டுக் கொடுத்தும் கசக்கிறதா, செருப்புத் தேடப் போகிறீரா, அந்தச் சவத்தைத் தூக்கிக் கடலில் போடும் என்றெல்லாம் கேட்டேன். நான் மூச்சு வாங்கியபோதுதான் பேசினார்.

"போன தடவ அவ என்னையக் கண்டு ஓடுனாளே ஏட்டி."

இரண்டு வருடம் முன்பு வந்திருந்தார். மகள் அவரை 'அந்த ஆளு' என்றுதான் சொன்னாள். அந்த ஆளு எப்பம் போவாவ என்று கேட்டாள். தூக்கினால் அலறினாள். அக்கம்பக்கமெல்லாம் சிரித்தது, நானும் சிரித்தேன். கொண்டுவந்த பொம்மைகளை வாங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான் கொஞ்சம் அருகில் வந்து உட்கார்ந்தாள், அவர் தட்டிலிருந்து ஒரு மீன்துண்டை எடுத்துத் தின்றாள். அதற்குள் பெட்டி கட்ட வேண்டியதாயிற்று.

"சேரத் தொடங்குனப்ப நான் பொறப்பட்டுட்டேன்," என்றார். "இப்பம் வந்தா மறுபடியும் மொதல்ல இருந்து தொடங்கணும். அவளுக்குப் பழகும்போது திரும்பிருவேன். அந்தப் புள்ளைய எதுக்கு அலட்டணும்? போன்லயும் சாப்பிட்டியளான்னு கேட்டுட்டு ஒங்கிட்ட தந்துருதா. எனக்கு அவகிட்ட என்னத்தப் பேசன்னு தெரியலட்டி. வெளயாட்டுன்னா வுட்ட எடத்துல அப்படியே நிக்கும். ஒங்கிட்டயாவது அதச் சொல்லிப் பேசலாம்."

என்றாலும் திட்டத்தான் செய்தேன். "ஓடுனா வெரட்டிப் புடிக்க மாட்டியளா? சுறா புடிக்கத் தெரியுது, எட்டு வயசுப் புள்ளையப் புடிக்கத் தெரியாதா? கோயில்ல அவ மாமன் கையப் புடிச்சி நடந்து பழகுதா. அதுவே போரும்னும் சொல்லுதா. நீங்க இப்படியே அங்க..."

கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. மீதியைச் சுவருக்குச் சொன்னேன்.

ஒரு வாரம் என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்தது. அவர் குரலில் எந்த உருக்கமும் இல்லை, மீன்விலை சொல்வது போலச் சொன்னார். "டிக்கட் போட்டாச்சு. பதினஞ்சு நாளு குடுத்திருக்காரு."

"ம்," என்றேன். அப்புறம், பேசியது பேசியதுதானே என்று விடையைச் சொன்னேன். படகைத் தள்ளச் சொல்லுங்க, யாரையும் எழுப்பாண்டாம். பிறகு அந்தத் தம்பியின் குரல், "ஞாயிற்றுக்கெழமையா மயினி?" என்று கேட்டது. நான் போனை வைத்தேன்.

விமானநிலையத்துக்கு மகளைக் கூட்டிப்போனேன். அவள் ஓடவில்லை. வளர்ந்துவிட்டாளே. வெளியூரிலிருந்து வந்த பாதிரியாருக்குச் சொல்வது போலக் கைகூப்பித் தோத்திரம் சொல்லிவிட்டு, என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலறியிருந்தாலும் தேவலை என்று எனக்குத் தோன்றியது. வேனில் வரும்போது அவர் பள்ளிக்கூடம் பற்றி ஏதோ கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள், தேர்வில் கேட்டது போல.

புதுநன்மை அன்று கோயில் வாசலில் அவளே அவரை ஓரமாக அழைத்து நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள். "வேகமா நடக்காதிய. நான் நின்னா நீங்களும் நிக்கணும். சாமியார் வரும்போது என்னையப் பாக்கப்பிடாது, நேரா பாக்கணும்." அவர் தலையாட்டினார். பீடம் வரை அவள் சொன்னபடியே நடந்தார், புதுச் சட்டை முதுகெல்லாம் நனைந்துபோயிருந்தது. என் அண்ணன் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒவ்வொரு குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ள முண்டியடித்தார்கள். கூட்டம் குறையட்டும் மக்கா, சாயங்காலம் வீட்டில் வைத்து நிதானமாக எடுக்கலாம் என்றார் அவர். மகள் மெழுகுதிரியை என்னிடம் தந்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எத்தன நாளு இருப்பிய?"

"பதினஞ்சு நாளு. அதுல மூணு போயிட்டு."

அவள் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "அப்பம் இப்பமே எடுத்திருவோம்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "எங் கல்யாணத்துக்கும் இந்தப் படத்தயே வச்சிக்கிடலாம். அப்பம் நீங்க வர முடியாட்டி."

கோபத்தில் சொல்லியிருந்தால் ஒரு அறை கொடுத்திருப்பேன். கோபம் எதுவும் இல்லை அவளிடம். ஒரு சௌகரியம் யோசித்துச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. அவரையா, அரபியையா, என் அண்ணனையா என்று பிடிபடவில்லை. படம் எடுப்பவர் நிமிருங்க, இங்க பாருங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் என் கணவரால் தலையைத் தூக்க முடியவில்லை. கடைசியில் மகள்தான் அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள்.